காரணம் என்ற கட்டம்

வருகைப் பதிவேட்டின் ஓரத்தில்
'காரணம்' என்றொரு கட்டம்.
ஏழு வருடமாய் அதில்
ஒரே மையில் ஒரே சொல்:
அக்கறையின்மை.

டெல்பின் டீச்சர் வாசித்ததும்
காது மந்தமான ஈச்சன் காணி எழுந்தார்.
"அக்கரை இல்லையா?
எந்தா பேச்சு இது, அந்தா கிடக்கே!"
ஜன்னல் வழியே கைநீட்டினார்.
அணைத்தண்ணீருக்கு அப்பால்
புகைபோல் தெரிந்தது, அக்கரை.
சிரித்தோம்.
சொல்லின் பொருளை நான் சொன்னதும்
சிரிப்பு பாதியில் நின்றது.
நமக்கு நம் பிள்ளைகள்மேல் பற்றில்லையாம்,
அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்று பேச்சிப்பாறையில் நீர் ஏறிக்கிடந்தது.
அதிகாரி படகில் வந்திருந்தார்,
முழங்கால்வரை சுருட்டிய பேண்ட்டோடு.
பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் தீர்மானம்:
தட்டச்சாகி, தேதியிட்டு,
'ஒருமனதாக' என்ற சொல்லும் சேர்த்து.
பதினேழு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டுபடியாகாது.
அக்கரையில் விடுதி, மூன்றுவேளைச் சோறு,
கட்டில்கூட உண்டு என்றார்.

குழுத் தலைவர் நான்தான்.
நாலு மணி இருட்டில் ரப்பர் பால் வெட்டப் போகிறவள்.
பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில்
நாலு வருடம் கையெழுத்துப் போட்டவள்.
அன்றும் குறி இருந்தது.
பேனா வாங்கினேன்.
"முதலில் முழுசும் வாசிக்கட்டும்" என்றேன்.
என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

ஒருமனது எங்கே இருந்தது?
விடுதி கொள்ளாம் என்றார் ரெகுபதி,
மூத்தவன் அங்கே படித்துத்தான் வனத்துறையில் வாச்சர் ஆனான்.
உண்மை.
சுகந்தியின் மகள் இரண்டாம் மாதமே திரும்பியதும் உண்மை.
நம்ம பேச்சை மறந்துவிடவில்லை அவள்,
பேசுவதைத்தான் விட்டிருந்தாள்.
இங்கிலீஷ் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு
என் கையெழுத்து கிடைக்காது என்று
வாசலிலேயே நின்றான் மணிகண்டன்.
தகரத்தில் மழை பிடித்தது.
யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை.
அப்போதும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

கடைசியில் கோடு போட்ட நோட்டில்
நாங்களே எழுதினோம், அடித்தலும் திருத்தலுமாய்.
பால் அளந்து தாய்மார் திரும்பிய பிறகு,
பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்.
தேனெடுக்கும் வாரம் விடுமுறை,
அதற்கு ஈடாய் மே மாதம் ஆறு நாள்.
ஒன்றாம் வகுப்பில் பிள்ளை
தன் வீட்டுப் பேச்சில் பதில் சொன்னால்
அது தப்பு இல்லை.
(இந்த வரிக்குத்தான் ஒரு மணி நேரம் ஆனது.)
ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுத்
தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் சரிதா
இரண்டாவது டீச்சர்.
அரசு சம்பளம் தரும்வரை
வீட்டுக்கு ஒருநாள் ஒட்டுப்பால்.
இங்கிலீஷும் உண்டு, மணிகண்டா, உள்ளே வா.

"இதுக்கெல்லாம் விதி இல்லையே" என்றார் அதிகாரி.
கெட்ட மனிதர் இல்லை.
நனைந்த சாக்ஸைப் பிழிந்தபடி
எங்கள் கட்டன்காப்பியை இரண்டு தடவை குடித்தார்.
படகுக்காரன் கூவியதும்
இரண்டு காகிதத்தையும் உறைக்குள் வைத்தார்:
கையெழுத்தில்லாத அவருடையது,
பதினொரு கையெழுத்தும் மூன்று பெருவிரலும் கொண்ட எங்களுடையது.
ஒரே உறைதான்.
எது மேலே இருந்ததென்று
கரையில் நின்ற யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பத்து மணிக்குத் திறந்தோம்.
பதினாறு பேர்.
அபினேஷ் வரவில்லை.
காரணக் கட்டத்தில் டீச்சரின் பேனா
வழக்கமான சொல்லின் முதல் எழுத்துக்கு இறங்கி
நின்றது.
பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

விரலில் ரப்பர் பால் காய்ந்த வெள்ளை.
மெதுவாய் எழுதினேன்:
'ஈத்தக்காட்டு வளைவில் ஆனை நிற்கிறது. இரண்டு.
பையன் சட்டை மாட்டி, பை தூக்கி,
வாசலில் காத்திருக்கிறான்.'

கட்டம் போதவில்லை.
நாளைய கட்டத்துக்குள்ளும் போயிற்று எழுத்து.